அடக்க விலை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்த்த முதல் கத்தரிக்காயின் விலை 436 ரூபாய் 67 காசு.

சிரிக்காதீர்கள். பி.காம். படித்தவன் போட்ட கணக்கு. வளர்ப்புப் பைகள் ஐந்து, 300 ரூபாய். தென்னை நார்க்கழிவுக் கட்டி 150. செம்மண் இரண்டு மூட்டை 200. மண்புழு உரம் 150. விதை 30. வேப்பம் புண்ணாக்கு 80. கை ஸ்பிரேயர் 250. இத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆட்டோவுக்கு 150. ஆக மொத்தம் 1,310. முதல் அறுவடையில் தேறியது மூன்றே மூன்று காய். வகுத்துக் கொள்ளுங்கள்.

"ஸ்பிரேயர் பல வருஷம் உழைக்குமேய்யா, அதை மூலதனச் செலவுல போட்டுத் தேய்மானம்தானே எழுதணும்?" என்று ஆடிட்டர் நண்பர் ஒருவர் குறுக்கே வந்தார். அப்படி எழுதினாலும் காய் ஒன்று 350 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ண முடியாது என்று என் மனைவி கடையில் அரைக் கிலோ வாங்கிச் சேர்த்துவிட்டாள். சாப்பிடும்போது எது நம்ம காய் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டிச் சாப்பிட்டேன்.

அந்தக் கணக்குத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தண்ணீர் என்று ஒரு வரியே கிடையாது. எழுத வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. குழாயைத் திறந்தால் வருகிற ஒன்றுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? 

இது நடந்தது 2016-ல். அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் பை, விதை, உரம் எல்லாம் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதிலிருந்தே மாடித் தோட்டம் ஒரு தொற்று மாதிரி பரவிக்கொண்டிருந்த நேரம். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தோட்டம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வார்கள். அது நின்ற இடத்தில் நிற்காது. கீரை விதைப் பாக்கெட் வாங்கினால் பாதிதான் தூவ முடியும், மீதியை என்ன செய்வது? இன்னொரு பை. சந்தையில் வாங்கின புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டைச் செருகினால் பத்து நாளில் துளிர்த்துவிடுகிறது. தூக்கிப் போட மனசு வருமா? இன்னொரு பை. யாரோ பிரண்டைத் துண்டு கொடுத்தார்கள், யாரோ தூதுவளை நாற்று. கற்பூரவல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் புதராக நிற்கும். ஐந்து பை பதினான்கானது. பதினான்கு முப்பத்தொன்றானது. 2019 பொங்கலுக்கு எண்ணியபோது அறுபது.

மொட்டை மாடி பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. சங்கச் செயலாளர் ரிட்டயர்டு பேங்க்காரர், சட்டம் பேசுகிறவர். முதல் முறை ஆட்சேபிக்க வந்தபோது ஒரு கட்டு முளைக்கீரை கொடுத்தேன். இரண்டாம் முறை வெண்டைக்காய். மூன்றாம் முறை அவரே பை எடுத்துக்கொண்டு வந்தார். லஞ்சம் என்று அப்போது நினைக்கவில்லை. பகிர்ந்துகொள்வது என்று நினைத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதிப் போடுங்கள்.

சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும் என்று நாற்பது வருஷம் எனக்குத் தெரியாது. புடலை அதற்கும் மேலே. ஊர் அடங்கின பிறகு வெள்ளை நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி ராத்திரியில் பூக்கும். ஆபீஸிலிருந்து பத்து மணிக்கு வந்து, சாப்பிடாமல் மாடிக்கு ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் என்னை நானே நல்லவன் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு 2019 கோடை வந்தது.

சென்னைக்காரர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகள். நிரம்பினால் சுமார் 11 டி.எம்.சி. அந்த ஜூனில் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஏரிக்குள் மாடு மேய்ந்த படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள், கொரோனாவுக்கு ஒரு வருஷம் முன்பே. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது.

எங்கள் குடியிருப்பில் மே மாதமே போர் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு லாரி, ஒவ்வொன்றும் 12,000 லிட்டர். அதையும் லாரிக்காரரைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 285 லிட்டர். காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஆறிலிருந்து ஏழு, அவ்வளவுதான். வாட்ச்மேன் வால்வைத் திறப்பார், மூடுவார்.

மே வெயிலில் ஒரு பைக்கு நாளைக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். அறுபது பைக்கு 120 லிட்டர், அதாவது எட்டு பக்கெட். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எல்லாவற்றையும் பிடித்து வைத்தால் இரண்டு பக்கெட் தேறும். மீதி ஆறு பக்கெட்டுக்கு எங்கே போவது?

மேல்நிலைத் தொட்டியைக் கழுவும்போது தண்ணீர் வெளியேற்ற மாடியிலேயே ஒரு குழாய் உண்டு. அதற்கு வால்வு கிடையாது.

காலை நாலே முக்காலுக்கு எழுந்து மாடிக்குப் போவேன். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயில் ஒரு துண்டுத் துணியைக் கட்டியிருந்தேன். இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, எழுதும்போது எனக்கும் அதுதான் தோன்றுகிறது. துணியைக் கட்டின அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தப்பில்லை என்று நம்புகிற மனுஷன் சத்தத்துக்குப் பயப்பட மாட்டான்.

ஆனால், மனசு சும்மா இருக்குமா? நியாயம் தேடியது. நிறையவே கிடைத்தது.

உயிரைக் காப்பாற்றுகிறோம் என்றேன். வாடின செடியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? சங்கப் பணத்தை ஒரு மாசம்கூடப் பாக்கி வைத்ததில்லை என்றேன். இரண்டாவது மாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை கார் கழுவுகிறாரே, அது மட்டும் சரியா என்றேன். எல்லாவற்றையும்விடப் பலமான நியாயம் இது: நான் பாடுபட்டேன். மண்ணைச் சுமந்தது நான், மாவுப்பூச்சியை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தது நான். அதனால் அந்தத் தோட்டம் என்னுடையது, அதற்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமையும் என்னுடையது.

ஜான் லாக் என்கிற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1689-ல் வந்த புத்தகத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கிறார். பொதுவில் கிடக்கும் ஒன்றோடு நீ உன் உழைப்பைக் கலந்தால் அது உன்னுடைய சொத்து என்பது அவர் வாதம். தோட்டக்காரர்கள் எல்லோரும், பெயர் தெரியாமலேயே லாக்கின் சீடர்கள்தான். ஆனால் அந்த மனுஷர் கையோடு இரண்டு நிபந்தனைகளையும் போட்டுவிட்டார். மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். உனக்குப் பயன்படாமல் அழுகிப்போகிற அளவுக்கு எடுக்கக் கூடாது. முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவதுதான் நம் எல்லோருக்கும் வசதி.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தார். ஈரமாக இருந்த பைகளைப் பார்த்துவிட்டு, "இதுங்க எல்லாம் சேர்ந்து எத்தனை குடம் சார் குடிக்குதுங்க?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை மாடு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எட்டுக் குடம் இருக்கும் என்றேன்.

"எங்க தெருவுக்கு லாரி வந்தா வீட்டுக்கு எட்டுக் குடம்தான் சார் விடுவாங்க. ரெண்டு நாளைக்கு" என்றார். சொல்லிவிட்டுக் க்ளிப் போட ஆரம்பித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "வெயில் ஏறி ஊத்தாதீங்க. பொழுது சாஞ்சு ஊத்துங்க, பாதித் தண்ணி போதும். மேலாக்க வைக்கோல் மாதிரி எதாச்சும் போட்டு மூடிவிடுங்க" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூன்று வருஷமாக வீட்டுக்கு வந்துபோகிறவரிடம் அன்றைக்குத்தான் கேட்கிறேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஏக்கர் சொச்சம், அப்பா காலத்துக் கிணறு, கத்தரியும் மிளகாயும் வைத்திருந்தார்களாம். பக்கத்து நிலத்துக்காரர் ஆழமாகப் போர் போட்டார். இவர்கள் கிணறு இரண்டு கோடையில் வற்றிப்போனது. "அவரு மேல என்ன சார் தப்பு? அவரு நெலம், அவரு போரு" என்று முடித்துவிட்டார்.

சட்டப்படி அந்த அக்கா சொன்னது சரி. 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. தன் நிலத்துக்கு அடியில், தனியான ஓட்டமாக இல்லாமல் கிடக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. எழுதின காலத்தில் ஏற்றமும் கவலையும்தான். மனுஷனும் மாடும் இறைத்து இறைத்து எவ்வளவு இறைத்துவிட முடியும்? பிறகு ஆழ்குழாய் வந்தது, நீர்மூழ்கி மோட்டார் வந்தது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் எல்லோருக்கும் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம். அந்த இலவசம் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது, நான் அதைக் குறை சொல்பவன் இல்லை. ஆனால், ஆழமாகத் துளை போடக் காசு இருக்கிறவர் எடுக்க எடுக்க, காசு இல்லாதவர் கிணறு வற்றுவதும் அதே கணக்கில்தான் வருகிறது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து திருடவில்லை. துணி கட்டின குழாய்கூட அங்கே தேவைப்படவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்து ஊற்றச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கெட்டை ஆறிலிருந்து நாலாகக் குறைத்தேன். பெரிய தியாகம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். தொட்டித் தண்ணீர் கணக்குக்கு முன்னாலேயே தீர்ந்துபோகிறது, யாரோ அதிகமாகப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. யாரோ என்றதும் எல்லோர் கண்ணும் தரைத்தளத்து வீட்டைப் பார்த்தது. நாலு பையன்கள், பேச்சிலர்கள், ஏதோ கம்பெனியில் வேலை. தலைக்கு 71 லிட்டர்தான் அவர்கள் பங்கு. "பசங்களுக்குப் பொறுப்பு ஏது? ரெண்டு வேளை குளிப்பானுங்க" என்றார் ஒருவர். அந்த வீட்டுக்கு மட்டும் மாசம் 500 ரூபாய் கூடுதலாகப் போடலாம் என்று முடிவானது. அந்தப் பையன்களில் ஒருவன் மட்டும் எழுந்து, "இல்ல சார், நாங்க ஆபீஸ்லயே குளிச்சிட்டு வர்றோம்" என்றான். யாரும் நம்பவில்லை.

நான் நம்பினேன். எனக்குத்தான் தெரியுமே. மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம்தான் அந்த வீட்டுக்கு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்திருந்தேன். "ஆர்கானிக்" என்று வேறு சொன்னேன்.

கல்லூரியில் பொருளாதாரப் பாடத்தில் ஆடம் ஸ்மித்தின் புதிர் ஒன்று வரும். உயிர் வாழத் தண்ணீர் வேண்டும், வைரம் வேண்டியதில்லை. பிறகு ஏன் வைரத்துக்கு அவ்வளவு விலை, தண்ணீர் ஏன் சும்மா கிடைக்கிறது? 1776-ல் கேட்டது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து கார்ல் மெங்கர் போன்றவர்கள் பதில் சொன்னார்கள். மொத்தத் தண்ணீரின் மதிப்பைப் பார்க்காதே, கடைசி பக்கெட்டின் மதிப்பைப் பார் என்று. ஐந்து மார்க் கேள்வி. நன்றாக எழுதியிருந்தேன். என்னுடைய கடைசி பக்கெட் போகிற இடம் கத்தரிச் செடி. தரைத்தளத்துப் பையன்களுடைய கடைசி பக்கெட் போகிற இடம் கக்கூஸ். பக்கெட் ஒன்றுதான், அளவு ஒன்றுதான். பரீட்சையில் எழுதினது எனக்குப் புரிந்தது அந்த ராத்திரிதான்.

மறுநாள் துணியை அவிழ்த்தேன். தோட்டத்தில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பார்த்தேன். இரண்டு பக்கெட் கழிவுத் தண்ணீரில் எது பிழைக்குமோ அது. கற்பூரவல்லி, பிரண்டை, சோற்றுக்கற்றாழை, ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இன்னும் சில. மொத்தம் பதினொன்று. காய்த்து நின்ற கத்தரியையும் வெண்டையையும் விட்டுவிட்டேன். செடி சாவதைப் பார்ப்பது சுலபம் இல்லை. முதல் நாள் இலை தொங்கும், சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வுதான் ஆளைக் கொல்லும். மூன்றாம் நாள் நிமிராது. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால், அந்த உயிர்கள் அவ்வளவு எண்ணிக்கையில் அங்கே இருந்ததற்குக் காரணம் என் ஆசை. அறுபது பை வை என்று எந்தச் செடியும் என்னைக் கேட்கவில்லை.

நம் ஊர்ப் பழைய ஏரிப் பாசனத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் நீர்ப்பாய்ச்சி, தெற்கே மடைக்குடும்பன். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. கூலி அறுவடையில் நெல்லாக வரும். பெரும்பாலும் அவருக்கு அந்தப் பாசனத்தில் சொந்த நிலம் இருக்காது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் இல்லாமல் வைத்திருந்த அநியாயம் அதற்குள் இருக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால், பங்கு பிரிக்கிறவனுக்குத் தன் வயல் என்று ஒன்று இருந்தால் கை தானாக அந்தப் பக்கம் நீளும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சங்கத்தில் பன்னிரண்டு பேருக்கும் வயல் இருந்தது. வாட்ச்மேனுக்கு மட்டும் இல்லை. அவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

சரி, உண்மையைச் சொன்னாயா என்று கேட்பீர்கள். உடனே சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஜூலை போனது. ஆகஸ்ட்டில் அந்தப் பையன்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் ரயிலும் வந்து, வடகிழக்குப் பருவமழையும் பெய்து, எல்லோரும் எல்லாவற்றையும் மறந்த பிறகு, டிசம்பர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். யாரும் திட்டவில்லை. சிலர் சிரித்தார்கள். செயலாளர், "அட விடுங்க சார், முடிஞ்சு போன கதை" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் நம்பர் வாங்கி, கூட்டத்தில் எழுந்து பேசின பையனைக் கூப்பிட்டேன். அவனுக்கு முதலில் நான் யார் என்றே ஞாபகம் வரவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதுக்காக ஒண்ணும் காலி பண்ணலை சார், ஆபீஸ் மாறிடுச்சு" என்றான். பிறகு, "மூணு மாசம் ஐந்நூறு ஐந்நூறா கட்டினோம் சார்" என்றான். 1,500 ரூபாய் அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்வான் என்று எங்கேயோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டான். ஏனோ அதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் பெருந்தன்மையாக மறுத்திருந்தால் அதையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும்.

பழைய கணக்குத் தாளில் இதைச் சேர்க்க முயற்சி செய்தேன். 1,310-க்குக் கீழே 1,500 என்று எழுதலாம். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் எழுதாமலே விட்டுவிட்டேன். ஆடிட்டர் நண்பரிடம் கேட்கவும் இல்லை.

இப்போது மாடியில் இருபத்திரண்டு பைகள் இருக்கின்றன. பொழுது சாய்ந்துதான் தண்ணீர். மேலே காய்ந்த இலையும் தென்னை மட்டையும் போட்டு மூடியிருக்கிறேன், உண்மையிலேயே பாதித் தண்ணீர் போதுகிறது. புடலை வளையாமல் தொங்குவதற்கு நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிடச் சொன்னதும் அந்த அக்காதான். முதல் காய் அவருக்குப் போகிறது. அவர் வாங்கிக்கொண்டு, "முத்திப் போச்சு சார், ரெண்டு நாள் முன்னாடியே அறுத்திருக்கணும்" என்கிறார்.

எதிர் ஃபிளாட் மாமிக்குச் சர்க்கரை. பாகல் போட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், விதைகூட வாங்கிக் கொடுத்துவிட்டார். பாகலுக்குப் பெரிய பை வேண்டும். பை எண் இருபத்து மூன்று. அடுத்த கூட்டத்தில் கேட்டுவிட்டு வைக்கலாம் என்று விதையை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.